பிள்ளைகளை வளர்த்துவிட்டு மீண்டும் வேலைக்கு: மதுரைப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

நான் மதுரையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது பயோடேட்டாக்களைப் பார்ப்பதும், வருகிறவர்களிடம் முதலில் உட்கார்ந்து பேசுவதும் என் பொறுப்பு. அதனால் தெருவிலும் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களிலும் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்கிறவர்கள் அதிகம். பெரும்பாலும் முப்பதைத் தாண்டியவர்கள்; கல்யாணமோ பிரசவமோ ஆனபோது வேலையை விட்டவர்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

எனக்கு 38 வயசு. ஒன்பது வருஷமாக வீட்டில்தான் இருக்கிறேன். இனிமேல் யார் வேலை கொடுப்பார்கள்?

கொடுப்பார்கள். மதுரையில் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் சின்ன அலுவலகங்கள்தான் அதிகம். அங்கே முதலாளிகள் அடிக்கடி சொல்லும் குறை, படித்து முடித்த பிள்ளைகள் வேலை பழகியதும் சென்னைக்கோ பெங்களூருக்கோ கிளம்பிவிடுகிறார்கள் என்பது. வீடும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இங்கேயே உள்ள ஒருவர் நிலையாக இருப்பார் என்று அவர்களுக்குத் தெரியும்.

சில மாதங்களுக்கு முன் வில்லாபுரத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். சான்றிதழ்களை ஒரு மஞ்சப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கேள்வி கேட்டால் தரையைப் பார்த்துப் பதில் சொன்னார். நான் பேச்சை நிறுத்திவிட்டு, ஒரு பேங்க் ஸ்டேட்மென்டையும் அதற்குரிய பதிவேட்டையும் கொடுத்து ஒத்துப் பார்க்கச் சொன்னேன். பென்சிலை வாங்கி ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக்கொண்டே வந்தவர், ஒரு செக் இரண்டு தடவை ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தார். தன் காம்பவுண்டில் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் தண்ணீர், மோட்டார் செலவுக் கணக்கைப் பல வருஷமாக அவர்தான் எழுதிவருகிறாராம். பயோடேட்டாவில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றுதான். பிள்ளை வளர்த்த வருஷங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டிய குற்றம் கிடையாது. ‘நமக்குப் போய் வேலை தருகிறார்களே’ என்ற நினைப்போடு போனால், குறைந்த சம்பளத்துக்குத் தலையாட்டுவீர்கள், பி.எஃப். பற்றிக் கேட்க மாட்டீர்கள், இரவு எட்டு மணி வரை இருக்கச் சொன்னாலும் சரி என்பீர்கள். எந்த வேலையாளும் கேட்பதை நீங்களும் கேட்கலாம்.

சரி, முதலில் எதைச் செய்ய வேண்டும்?

சான்றிதழ்களை எடுத்து மேசைமேல் பரப்புங்கள். பெயரை ஒத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல், பான் கார்டில் கணவர் பெயரே பின்னால் ஒட்டியிருக்கும், பேங்க் பாஸ்புக்கில் வேறொன்று. நம் பக்கம் இது இல்லாத வீடு குறைவு. பி.எஃப். கணக்கு ஆதாரோடு இணையாமல் நின்றுபோவதற்கு இதுதான் பெரிய காரணம். மார்க் ஷீட்டில் உள்ள பெயருக்கு மற்றவற்றை மாற்றிவிடுவது சுலபம். மார்க் ஷீட்டை மாற்றப் போனால் அலைச்சல் மிச்சம். கல்யாணத்துக்குப் பின் மாறிய பெயர்தான் வேண்டும் என்றால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். ஏற்கெனவே செய்திருந்தால் பிரிக்க முயன்று கிழித்துவிட வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், தினமும் பார்க்கும் ஒரு இ-மெயில் முகவரி. பிள்ளையின் ஆன்லைன் கிளாஸுக்காகத் திறந்ததைக் கொடுக்க வேண்டாம். கணவரின் போன் நம்பரையும் கொடுக்காதீர்கள். கூப்பிடும்போது அவர் எங்கேயாவது வண்டியில் இருப்பார், வேலை போய்விடும்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு காலாவதி ஆகிவிட்டது. அதனால் இன்னும் பயன் உண்டா?

மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டிய பதிவு அது. விட்டுப்போயிருந்தால் புதிதாகப் பதிந்துகொள்ளுங்கள், இணையத்திலேயே முடியும். அந்தப் பதிவை நம்பி வீட்டில் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் கே.புதூரில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மையத்துக்கு நேரில் ஒரு நடை போய்வருவது நல்லது. தனியார் நிறுவனங்கள் நேரடியாக வந்து ஆள் எடுக்கும் முகாம்களை நடத்துகிறார்கள், வெள்ளிக்கிழமைகளில்தான் வழக்கமாக இருக்கும். போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சியும் உண்டு. முகாமில் வேலை அமையாவிட்டாலும், பல வருஷத்துக்குப் பிறகு நாலு பேர் முன்னால் உட்கார்ந்து பேசிய பழக்கம் வந்துவிடும்.

பயோடேட்டாவில் அந்த ஒன்பது வருஷத்தை எப்படிக் காட்டுவது?

மறைக்க வேண்டாம். வருஷங்களை விட்டுவிட்டு எழுதினால் பார்க்கிறவர் கண் நேராக அங்கேதான் போகும். இப்படி எழுதுங்கள்: “2015 – 2024: இரண்டு பிள்ளைகளின் வளர்ப்புக்காக வேலையிலிருந்து விலகியிருந்தேன். இந்தக் காலத்தில் குடியிருப்புச் சங்கத்தின் மாதக் கணக்கைக் கவனித்தேன். 2024இல் டாலி கணக்கு மென்பொருள் பயிற்சி முடித்தேன்.” அவ்வளவுதான். வீட்டை ஆள்வது ஒரு நிர்வாகம், சமையலறை ஒரு பட்ஜெட் என்றெல்லாம் எழுதச் சொல்லிச் சிலர் ஆலோசனை தருகிறார்கள். படிக்கிறவருக்கு அது எதையும் சொல்வதில்லை. மகளிர் குழுவில் கணக்கு எழுதினீர்களா, டியூஷன் எடுத்தீர்களா, கணவரின் கடைக்குச் சரக்கு ஆர்டர் போட்டீர்களா, மாமனாரின் பென்ஷன் விவகாரத்துக்கு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினீர்களா? நடந்தது எதுவோ அதை எழுதுங்கள். இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

“பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் லீவு போடுவீர்களா?” என்று இன்டர்வியூவில் கேட்கிறார்கள்.

ஆண்களிடம் யாரும் கேட்காத கேள்வி இது. எனக்கு இதைக் கேட்கப் பிடிக்காது, நான் கேட்பதும் இல்லை. ஆனாலும் கேட்பார்கள். கோபப்படாமல், தடுமாறாமல், ஏற்பாட்டை மட்டும் சொல்லுங்கள்: “எங்க அத்தை கூட இருக்காங்க, பக்கத்துத் தெருவுல எங்க அம்மா இருக்காங்க. தவிர்க்க முடியாம லீவு எடுத்தா முன்கூட்டியே சொல்லிடுவேன்.” லீவே போட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அடுத்த குழந்தை எப்போது என்று கேட்டால், “அது எங்க குடும்பத்து விஷயம் சார், வேலையைப் பத்திக் கேளுங்க” என்று சிரித்த முகத்தோடு சொல்லலாம். அதற்காக உங்களை வேண்டாம் என்கிற இடத்தில் சேராததே நல்லது.

பி.காம். முடித்து அக்கவுண்ட்ஸ் வேலை பார்த்தேன். விட்டது 2015இல். இப்போது எல்லாம் மாறிவிட்டதாமே?

மாறிவிட்டது. ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1ஆம் தேதி வந்தது. நீங்கள் பழகிய வாட், சர்வீஸ் டாக்ஸ் இரண்டும் அதற்குள் போய்விட்டன. இப்போது மாதாமாதம் தாக்கல் செய்யும் நிறுவனம் என்றால் விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர்.-1ஐ 11ஆம் தேதிக்குள், வரி கட்டும் 3பி-யை 20ஆம் தேதிக்குள் போட வேண்டும். எங்கள் அலுவலகத்தின் மாதமே இந்த இரண்டு தேதிகளைச் சுற்றித்தான் ஓடுகிறது. சரக்கு அனுப்ப இ-வே பில் (ஆன்லைனில் எடுக்கும் சரக்குச் சீட்டு), ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதியும் பில்) என்று கூடுதலாகச் சில சேர்ந்திருக்கின்றன. டாலியும் 2020இல் டாலி பிரைம் ஆகிவிட்டது. திரை பார்க்க வேறு மாதிரி இருக்கும், ஆனால் வவுச்சர் போடும் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது எல்லாம் அப்படியே இருக்கின்றன. கை தானாக அங்கே போகும்.

பற்று, வரவு மாறவில்லை. அதைச் சரியாகப் புரிந்தவர் ஜி.எஸ்.டி.யை இரண்டு மூன்று மாதத்தில் பிடித்துவிடுவார். புதிதாகப் படித்து வருகிறவர்களில் பலர் தடுமாறுவது பற்று வரவில்தான். பெரிய தொகை கட்டிப் படிக்கும் கோர்ஸில் சேரும் முன், தெரிந்த ஆடிட்டரிடமோ கப்பலூர், புதூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சின்னக் கம்பெனியிலோ கொஞ்ச நாள் பகுதி நேரமாக உட்கார முடியுமா என்று கேளுங்கள். அதற்கும் ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள். ‘பழகத்தானே வருகிறீர்கள்’ என்று மாதக்கணக்கில் இலவசமாக வேலை வாங்கும் இடங்கள் உண்டு.

பி.எட். முடித்து 2013இல் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் செய்தேன். ஏழு வருஷம்தான் செல்லும் என்றார்கள். மறுபடி எழுத வேண்டுமா?

வேண்டாம். டெட் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று 2021இல் மாற்றிவிட்டார்கள், 2011 முதல் பாஸ் செய்தவர்களுக்கும் அது பொருந்தும். பழைய சான்றிதழைத் தேடி எடுங்கள். அரசுப் பள்ளி ஆசிரியர் நேரடி நியமனத்துக்கான வயது வரம்பையும் 2023இல் பொதுப் பிரிவுக்கு 53, மற்ற பிரிவினருக்கு 58 என்று உயர்த்தினார்கள். தனியார் பள்ளிகளில் ஆள் எடுப்பது மார்ச்சிலிருந்து மே வரை. ஜூனில் போய்க் கேட்டால் இடம் நிரம்பியிருக்கும்.

டி.என்.பி.எஸ்.சி.க்கு வயசு தாண்டிவிட்டது என்கிறார்கள்.

இதை அறிவிக்கையைத் திறந்து பார்க்காமலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். பத்தாம் வகுப்புத் தகுதி கேட்கும் குரூப் 4 பதவிகள் பலவற்றில், அதைவிட அதிகம் படித்த பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும், எந்தச் சமூகமானாலும் ஆதரவற்ற விதவைகளுக்கும் உச்ச வயது வரம்பு கிடையாது. பொதுப் பிரிவினருக்கு உண்டு. பதவிக்குப் பதவி வேறுபடும் என்பதால் ஒவ்வொரு தடவையும் வயது அட்டவணையை நீங்களே படியுங்கள். தமிழ்த் தகுதிப் பகுதியில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற விடைகளைத் திருத்துவார்கள். பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பாடம் சொல்லிக்கொடுத்த அம்மாக்களுக்கு இதில் ஒரு அனுகூலம் இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பாடநூல்கள்தான் இங்கேயும் அடிப்படை.

படிக்க இடம் இல்லை என்பவர்களுக்கு: புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்தது. போட்டித் தேர்வுக்கென்று தனிப் பகுதி, குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இரண்டும் ஒரே கட்டடத்தில். லீவு நாளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். வீட்டில் உட்கார்ந்தால் காலிங் பெல்லும் குக்கர் விசிலும் விடாது.

ஐ.டி. கம்பெனிகளில் வாய்ப்பு?

இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் ஐ.டி. பூங்காக்கள் உள்ளன. முன் அனுபவம் இருந்தால், அங்கே இருக்கும் பழைய சக ஊழியர் ஒருவர் மூலமாகப் பயோடேட்டாவை உள்ளே அனுப்புவதுதான் வேகமான வழி. நைட் ஷிப்ட் உண்டா, வீட்டில் கொண்டுவந்து விடும் வண்டி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். வடபழஞ்சி ஊருக்கு வெளியே இருக்கிறது.

விளக்குத்தூண், மாசி வீதிப் பக்கம் ஜவுளிக் கடைகளில் சேரலாமா? படிப்பு பத்தாவதுதான்.

தாராளமாகச் சேரலாம். தீபாவளிக்கு முன்பும் பொங்கலுக்கு முன்பும் நிறைய ஆள் எடுப்பார்கள். சேலை பார்த்து எடுத்துப் போடும் கை பழகியவர்களை அதற்குப் பிறகும் விட மாட்டார்கள். ஆனால் சேரும் முன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு விடுவார்கள், வார லீவு எந்த நாள், சம்பளத்தில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள். பண்டிகை நாளில் கடை அடைக்கப் பத்து மணி ஆகிவிடும். அப்போது வீடு போய்ச் சேர பஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உட்காருவது பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே வேலை பார்த்துக் கால் வீங்கிப்போன பெண்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2021இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். வாங்க ஆள் இல்லாத நேரத்தில் உட்காருவது உங்கள் உரிமை. கடைக்குள் போகும்போது கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் கிடக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கடை ஆட்களை எப்படி நடத்துகிறது என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

வீட்டிலிருந்தே வேலை, தினம் இரண்டாயிரம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

வேண்டாம். வீடியோவுக்கு லைக் போடச் சொல்லி முதலில் நூறு இருநூறு அனுப்புவார்கள். அப்புறம் டெலிகிராம் குழுவில் சேர்த்து, ‘பெரிய டாஸ்க்’ என்று உங்கள் பணத்தைக் கட்டச் சொல்வார்கள். அது திரும்பி வராது. நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள்கூட இருக்கிறார்கள். டேட்டா என்ட்ரிக்குப் பதிவுக் கட்டணம், கிட் வாங்க முன்பணம் என்று கேட்பவர்களும் இதே ரகம். வேலை கொடுக்கிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. ஏற்கெனவே ஏமாந்திருந்தால் அவமானம் என்று உள்ளுக்குள் வைக்காதீர்கள். அன்றைக்கே 1930க்குக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் போன கணக்கை முடக்க முடியும்.

பழைய கம்பெனியில் பிடித்த பி.எஃப். என்ன ஆகியிருக்கும்?

அப்படியே இருக்கும். எடுக்காத பணத்துக்கு 58 வயது வரை வட்டியும் ஏறும். 2014க்கு முன் வேலையை விட்டவர்களுக்கு யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) இருக்காது, பழைய சம்பளச் சீட்டில் உள்ள பி.எஃப். எண்ணையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு சொக்கிகுளத்தில் உள்ள பி.எஃப். அலுவலகத்துக்குப் போங்கள். அவசரம் இல்லாதவரை அதை எடுக்காதீர்கள், புதிய வேலைக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பென்ஷன் கிடைக்க மொத்தம் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். முன்பு பார்த்த ஐந்து வருஷமும் இனிப் பார்க்கும் ஐந்து வருஷமும் சேர்ந்தால் கணக்கு நிறைந்துவிடும். பென்ஷன் பங்கை எடுத்துவிட்டால் பழைய சர்வீஸ் அதோடு போய்விடும்.

புதிய இடத்தில் இருபது பேர் இருந்தால் பி.எஃப்., பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டா என்று கேளுங்கள். இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு. உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான், தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் குடும்பத்துக்கே வைத்தியம் பார்க்கலாம். ‘பி.எஃப். வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள், கையில் கூடக் கொடுக்கிறோம்’ என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

சம்பளம் எவ்வளவு கேட்பது?

கடைசியாக வாங்கிய சம்பளத்தைச் சொல்லாதீர்கள். 2014ஆம் வருஷத்துச் சம்பளத்தை வைத்து இன்றைக்குப் பேரம் பேசக் கூடாது. இதே வேலைக்குப் பக்கத்தில் என்ன தருகிறார்கள் என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து, அந்தத் தொகையைச் சொல்லுங்கள். அப்புறம் வீட்டில் ஒரு கணக்குப் போடுங்கள். கையில் 14,000 வரும் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள டியூஷனுக்கு 2,000, போக்குவரத்துக்கு 1,000 என்றால் மிச்சம் 11,000. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை, அந்த பஸ் போகும் பாதையில் வேலை அமைந்தால் அந்த ஆயிரமும் உங்களுடையது. வேலைக்காகச் செய்யும் செலவை முழுக்க உங்கள் சம்பளத்திலேயே கழித்து, ‘இதுக்கா போற?’ என்று கேட்பார்கள். பிள்ளை இருவருக்கும்தானே, டியூஷன் செலவில் கணவரின் பங்கையும் சேர்த்துப் போடுங்கள்.

‘ஆறு மாசம் கழிச்சு ஏத்தித் தர்றோம்’ என்றால், அதை ஆஃபர் லெட்டரில் ஒரு வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீட்டில் சம்மதிக்க மாட்டேன் என்கிறார்கள்.

வேலை கிடைத்த பிறகு சொல்லலாம் என்று இருக்காதீர்கள். தேட ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள். “வேலைக்குப் போகட்டுமா?” என்று கேட்டால், முடியாது என்று சொல்வது சுலபம். “அத்தை, ஜூன் மாசத்திலிருந்து போகலாம்னு இருக்கேன். சாயங்காலம் நாலு மணிக்கு வேன் வரும்போது நீங்க இறக்கிக்கிட்டாப் போதும், மத்தியானச் சாப்பாட்டை நான் செஞ்சு வச்சிட்டுப் போறேன்” என்று உட்கார்ந்து பேசினால் பேச்சு வேறு திசையில் போகும். கணவரிடம் இன்னும் தெளிவாக: காலை டிபன் யார், யூனிஃபார்ம் துவைப்பது யார், பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு யார். அவர் ‘உதவி’ செய்கிறேன் என்றால் முதல் வாரத்தோடு நின்றுவிடும். அவருடைய வேலை எது என்று பிரித்துக் கொடுத்துவிடுங்கள். பள்ளிக்கூடத்திலும் அவருடைய நம்பரை இரண்டாவதாகக் கொடுத்துவையுங்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் என்றால் காலைப் பரபரப்பு கொஞ்சம் குறையும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் நம் சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது, இப்போது தொடக்கப் பள்ளிகளில் எல்லாம் இருக்கிறது.

வேலைக்குப் போனால் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடுமா?

வேலைக்குப் போவதாலேயே நிற்காது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் முக்கிய நிபந்தனை. தாண்டும் என்றால், மாதம் ஆயிரத்துக்காகப் பத்து மடங்கு சம்பளத்தை விட்டுவிடாதீர்கள்.

வேலை செய்யும் இடத்தில் ஒருவர் தப்பாக நடந்தால் எங்கே சொல்வது?

பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில், இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்க உள்புகார்க் குழு இருக்க வேண்டும். சின்ன இடம் என்றாலோ முதலாளியே அப்படி என்றாலோ கலெக்டர் அலுவலகம் வழியாக மாவட்டக் குழுவுக்கு எழுதலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். உடனடி உதவிக்கு 181.

நான் அப்பா. மனைவிக்கு பேங்க் வேலை, நான்தான் நாலு வருஷம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். உங்களிடம் “ஏன் சும்மா இருந்தீங்க?” என்று இன்னும் முரட்டுத்தனமாகக் கேட்பார்கள். உடம்பு சரியில்லை, பிசினஸ் செய்தேன் என்று கதை கட்டாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

முதல் சம்பளம் வரப்போகிறது. கணவரின் அக்கவுண்டிலேயே போடச் சொல்லட்டுமா?

உங்கள் பெயரில் உள்ள அக்கவுண்டில் போடச் சொல்லுங்கள். ஜாயின்ட் அக்கவுண்ட் ஏற்கெனவே இருந்தாலும் தனியாக ஒன்று திறந்துகொள்ளுங்கள், ஆதாரும் பான் கார்டும் போதும். வீட்டுச் செலவுக்கு எவ்வளவு தருவது என்று பேசி, அதை அங்கிருந்து மாற்றிவிடலாம். நாமினி பெயரை அன்றைக்கே எழுதிவிடுங்கள். ஏ.டி.எம். கார்டும் பின் நம்பரும் உங்களிடமே இருக்கட்டும்.